விதி எழுதப் போனேன்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புள்ளியியல்

'விதி' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று தலையில் எழுதப்பட்டது. எழுதியவர் யாரென்று தெரியாது. மற்றொன்று நாமே எழுதிக்கொள்வது. இலக்கண விதி, விளையாட்டு விதி எல்லாம் அந்த வகை. சென்ற ஆண்டு நான் கணிப்பொறியில் இரண்டாவது வகை விதி ஒன்றை எழுதப் போனேன். அது எங்கள் குடும்பத்துக்கு முதல் வகை விதியாக மாறிவிடப் பார்த்தது. அந்தக் கதையை ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி எங்கள் துறைப் பேராசிரியர் சொன்னார். சற்று வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நம் கல்லூரியில் என்னைப் போன்ற நண்பர்கள் பலர் இருப்பதால் எழுதுகிறேன்.

என் தந்தை ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கும். மாலையில் ஏலம் முடிந்ததும் அன்றைய விரலி மஞ்சள் விலை, கிழங்கு மஞ்சள் விலை இரண்டையும் குவிண்டால் கணக்கில் அதில் எழுதி வைப்பார். அவருக்குச் சொந்தமாக ஒரு செண்டு நிலம்கூட இல்லை. விற்க ஒரு மூட்டை மஞ்சளும் இல்லை. "பின் எதுக்குங்கப்பா எழுதறீங்க?" என்று சிறு வயதில் ஒரு முறை கேட்டேன். "நாள் பூரா அதத்தான தூக்கறேன் கண்ணு, அதுக்கு என்ன வெலன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்றார்.

2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-இல் 5,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. இன்னும் ஏறும் என்று நம்பி மூட்டைகளைக் கிடங்கில் அடுக்கி வைத்தவர்கள் பட்ட பாட்டை அப்பா பல முறை சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு ஆண்டுகளின் நோட்டுப் புத்தகங்கள் இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இரண்டாம் ஆண்டில் 'காலத்தொடர்' என்ற பாடம் வந்தது. நகரும் சராசரி என்ற முறையை அதில்தான் படித்தேன். கடந்த 5 நாள் விலைகளைக் கூட்டி 5-ஆல் வகுக்க வேண்டும். மறுநாள் புதிய விலை ஒன்றைச் சேர்த்து, பழைய விலை ஒன்றைக் கழித்து, மீண்டும் வகுக்க வேண்டும். இப்படிச் செய்தால் அன்றாட ஏற்ற இறக்கங்கள் தணிந்து, விலை போகும் போக்கு ஒரு கோடாகத் தெரியும். பாடநூலில் இருந்த எடுத்துக்காட்டு எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் நோட்டிலிருந்து ஓராண்டு விலைகளை எடுத்து வரைபடத் தாளில் புள்ளி வைத்து, சராசரிக் கோட்டையும் வரைந்தேன். அப்பா அதை நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இது நேத்து வரைக்குந்தான இருக்குது?" என்றார். நான் சிரித்தேன். அந்தக் கேள்விக்குள் ஒரு பாடமே இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் என் தாய்மாமா வந்தார். பேருந்து நிலையத்துக்கு அருகில் சிறிய பேக்கரி நடத்துகிறவர். வடையும் தேநீரும் விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். செல்பேசியில் யாரோ சேர்த்துவிட்ட ஒரு குழுவில் வந்த 'இன்று இதை வாங்கு' என்ற செய்திகளை நம்பி, பங்குச் சந்தையின் ஆப்ஷன் வணிகத்தில் இறங்கியிருக்கிறார். எட்டு மாதத்தில் 2,40,000 ரூபாய் போய்விட்டது. அதில் பாதி வட்டிக்கு வாங்கியது. அத்தைக்கே அப்போதுதான் தெரிந்தது.

மாமா தனி ஆள் இல்லை. இந்தியப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் 'செபி' அமைப்பு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டம் அடைந்திருக்கிறார்கள். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 30 வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்தது என்றும் அந்த ஆய்வு கூறுகிறது. அந்த 43 விழுக்காட்டில் நம் விடுதி நண்பர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன்.

மாமாவின் எண்ணம் வேறு. "மாப்ளே, நான் மனசு போன போக்குல வாங்குனேன், வித்தேன். அதான் போயிருச்சு. பெரிய பெரிய கம்பெனிக்காரனெல்லாம் கம்ப்யூட்டர்ல ரூல் எழுதி வெச்சர்றானாமா. அதே வாங்குமாமா, அதே வித்துருமாமா. நீதான் கணக்குப் படிக்கறியே, எனக்கு ஒரு ரூல் எழுதிக் குடு" என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அதே ஆய்வின்படி, சந்தையில் இலாபம் பார்த்த வெளிநாட்டு நிறுவனங்களும் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் தரகு நிறுவனங்களும் தங்கள் இலாபத்தின் பெரும் பகுதியைக் கணிப்பொறி விதிகள் வழியாகவே ஈட்டின. ஆப்ஷன் மட்டும் வேண்டாம், பங்குகளை வாங்கி விற்கும் விதி என்றால் எழுதிப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

மாமா ஒரு பழைய லேப்டாப்பும், 'அமிபுரோக்கர்' என்ற மென்பொருளும் வாங்கித் தந்தார். போலந்து நாட்டைச் சேர்ந்த தோமாஷ் யானெச்கோ என்பவர் 1995-இல் 'அமிகா' என்ற கணிப்பொறிக்காக முதலில் எழுதிய மென்பொருள் அது. பெயரில் உள்ள 'அமி' அங்கிருந்து வந்தது. தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொரு நாள் மாலையும் எல்லாப் பங்குகளின் விலைகளையும் ஒரு பட்டியலாக வெளியிடுகிறது. அதற்குப் 'பாவ் காப்பி' என்று பெயர். பாவ் என்றால் இந்தியில் விலை. அப்பாவின் நோட்டுப் புத்தகம்தான், ஆனால் மிகப் பெரியது! 2019 முதல் 2024 வரை ஆறு ஆண்டுப் பட்டியல்களை இறக்கி, நிஃப்டி 50 பட்டியலிலிருந்து பத்துப் பெரிய நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் வாரம் முழுவதும் வரைபடத்தை அலங்கரிப்பதிலேயே போயிற்று. இந்த மென்பொருளில் விலையை மெழுகுவர்த்தி வடிவில் வரையலாம். ஒரு நாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி. தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் இடைப்பட்டது அதன் உடல். அன்றைய உச்ச விலையும் தாழ்ந்த விலையும் மேலும் கீழும் திரி போல நீளும். இது ஜப்பான் நாட்டு நெல் அரிசி வணிகத்திலிருந்து வந்த முறை. ஒசாகா நகரின் தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-இலேயே அரசின் ஒப்புதல் கிடைத்தது. சகாடா ஊரைச் சேர்ந்த ஹொம்மா முனேஹிசா என்ற 18-ஆம் நூற்றாண்டு அரிசி வணிகரின் பெயரை இம்முறையோடு சேர்த்துச் சொல்வார்கள். மூட்டையும் மண்டியும் இருக்கிற இடத்தில்தான் இந்தக் கலையும் பிறந்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி.

மெழுகுவர்த்தியோடு நிறுத்தினேனா? இல்லை. 20 நாள் சராசரிக்கு நீலம், 50 நாளுக்கு ஆரஞ்சு, 200 நாளுக்குச் சிவப்பு. விலையைச் சுற்றி ஜான் போலிங்கர் என்பவர் பெயரால் வழங்கும் பட்டைகள். சராசரிக்கு மேலும் கீழும் இரண்டு திட்ட விலக்கம் தள்ளி வரைவது. கீழே வெல்ஸ் வைல்டர் 1978-இல் தம் நூலில் தந்த 'ஆர்.எஸ்.ஐ.' என்னும் 14 நாள் அளவுகோல். இன்னும் கீழே வணிக அளவுத் தூண்கள். பின்னணிக்குக் கறுப்பு நிறம். பார்த்தால் மாரியம்மன் பண்டிகைக்குச் சீரியல் பல்பு போட்டது போல இருந்தது. மாமாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பேக்கரிக்கு வருகிறவர்களிடம் செல்பேசியில் படம் பிடித்துக் காட்டினார்.

ஒன்றை மட்டும் அப்போதே கவனித்தேன். அதே விலைகளை வைத்துக்கொண்டு, பக்க அளவையைச் சற்றுச் சுருக்கினால் மேடு மலையாகிறது. விரித்தால் மலை மேடாகிறது. சாதாரண அளவையில் பயமுறுத்தும் ஏற்றம், மடக்கை அளவையில் அடங்கிப் போகிறது. 100 ரூபாய் 200 ஆவதும் 1,000 ரூபாய் 2,000 ஆவதும் முதலிட்டவனுக்கு ஒன்றுதான். ஆனால் சாதாரண வரைபடத்தில் இரண்டாவது பத்து மடங்கு உயரமாக நிற்கும். வரைபடம் பொய் சொல்வதில்லை. ஆனால் வரைகிறவன் எதைப் பார்க்க விரும்புகிறானோ அதை எடுத்துக் காட்ட அது தயங்குவதும் இல்லை.

அடுத்தது விதி. மாமாவிடம் உங்கள் விதி என்ன என்று கேட்டேன். "ஏறப் போறப்ப வாங்கோணும், எறங்கறதுக்கு முன்னாடி வித்தரோணும்" என்றார். இதைக் கணிப்பொறிக்கு எப்படிச் சொல்வது? அதற்கு 'ஏறப் போகிறது' என்பது புரியாது. 'முன்னாடி' என்பதும் புரியாது. நேற்றைய எண், இன்றைய எண், பெரிது, சிறிது என்பவைதாம் அதற்குப் புரியும். முடிவில் விதியை இப்படி எழுதினேன்: பங்கின் முடிவு விலை 10 நாள் சராசரியைக் கீழிருந்து மேலாகக் கடந்தால் வாங்கு, மேலிருந்து கீழாகக் கடந்தால் விற்றுவிடு. ஒரு பங்குக்குக் கையிலுள்ள பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடாதே.

தமிழில் மூன்று வரி. அதையே மென்பொருளின் மொழியில் எழுத எனக்கு மூன்று இரவுகள் ஆயின. வரியின் இறுதியில் அரைப்புள்ளி விட்டுப் போனால் ஓடாது. ஒற்றைச் சமக்குறி போட்டால் 'இதை அதற்குக் கொடு' என்று பொருள். இரட்டைச் சமக்குறி போட்டால்தான் 'இரண்டும் சமமா' என்று கேட்கும். இந்த வேறுபாடு தெரியாமல் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களைப் போல நான் எதையும் விரும்பிக் கற்றதில்லை. வாயால் பேசும்போது தெளிவாக இருப்பதாக நாம் நினைக்கும் எண்ணங்கள், எழுதப் போனால் எவ்வளவு ஓட்டையாக இருக்கின்றன என்பதை அந்த மென்பொருள் எனக்குக் காட்டியது.

முதன்முதலில் விதியை ஓட்டியபோது பெரிய நட்டம் காட்டியது. எந்த இடத்தில் என்று தேடினேன். ரிலையன்ஸ் பங்கு 2024 அக்டோபர் 28 அன்று ஏறக்குறைய 2,650 ரூபாயிலிருந்து 1,330 ரூபாய் அளவுக்கு விழுந்திருந்தது. உண்மையில் விழவில்லை. அன்றுதான் ஒரு பங்குக்கு ஒரு பங்கு போனஸ் கணக்கில் வந்தது. ஒன்று இரண்டானது, விலை பாதியானது, கையிருப்பின் மதிப்பு மாறவில்லை. பாவ் காப்பியில் அன்றைய விலை உள்ளபடியே இருக்கும். பழைய விலைகளை நாம்தான் பாதியாக்க வேண்டும். அரை மணி நேரத்தில் இந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன். என் திறமையை எண்ணிப் பெருமைப்பட்டேன்.

பிறகு எண்களை மாற்றத் தொடங்கினேன். 10 நாளுக்குப் பதிலாக 5, 6, 7, 8 என்று மென்பொருளையே முயன்று பார்க்கச் சொல்லலாம். சில நொடிகளில் எல்லாவற்றையும் ஓட்டி, இலாப வரிசைப்படி அடுக்கிக் கொடுக்கும். 7 நாள் முதலிடத்தில் வந்தது. 2019 தொடக்கத்தில் போட்ட 1,00,000 ரூபாய் 2024 முடிவில் 9,30,000 ரூபாய்! பணம் வளரும் கோடு இடப்பக்கக் கீழ் மூலையிலிருந்து வலப்பக்க மேல் மூலைக்கு வளைவு நெளிவு இல்லாமல் ஏறியது. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது நாடே கலங்கிய நாட்களில்கூட அந்தக் கோடு கலங்கவில்லை. அது ஒன்றே என்னைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும். நான் சந்தேகப்படவில்லை. நள்ளிரவில் மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

மறுநாள் மாமா வீட்டுக்கு வந்தார். அத்தையின் ஐந்து பவுன் சங்கிலியைத் திங்கட்கிழமை அடகு வைப்பதாக முடிவு. அது போதாதென்று, என் தங்கையின் படிப்புக்காக அஞ்சலகத்தில் போட்டு வைத்திருந்த 50,000 ரூபாயை ஆறு மாதத்துக்குக் கைமாற்றாகக் கேட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. தம்பி கேட்கும்போது எப்படி மறுப்பார்? அப்பா மாமாவிடம் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு கண்ணு. போடலாமா?"

நண்பர்களே, இருபது ஆண்டுகளில் என் தந்தை என்னிடம் பண விஷயத்தில் ஒரு வார்த்தை கேட்டது அதுவே முதல் முறை. எனக்குப் பணம் சம்பாதித்த அனுபவம் இல்லை. இழந்த அனுபவமும் இல்லை. கல்லூரியில் படிக்கிறேன் என்ற ஒரே காரணத்தால் என் சொல்லுக்கு அந்த வீட்டில் ஒரு மதிப்பு வந்திருந்தது. அந்த மதிப்பு எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. "இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றேனுங்கப்பா" என்றேன். மாமாவின் முகம் சுருங்கியது.

அது சனிக்கிழமை. அன்று இரவு முதலில் வரைபடத்திலிருந்த அலங்காரங்களை எல்லாம் நீக்கினேன். பட்டைகள், அளவுகோல்கள், மூன்று வண்ணக் கோடுகள் எல்லாம் போயின. வெள்ளைப் பின்னணியில் மெழுகுவர்த்திகளும் 7 நாள் சராசரியும் மட்டும் நின்றன. பிறகு ஒரே ஒரு வரி சேர்த்தேன். என் விதி எந்த நாளில் எந்த விலைக்கு வாங்கியதோ, அந்த இடத்தில் ஒரு பச்சை அம்பு போடச் சொன்னேன்.

அம்புகள் வந்தன. ஒவ்வொன்றும் உயரமான ஏறுமுக மெழுகுவர்த்தி ஒன்றின் அடியில் இருந்தது. வாங்கிய நாட்களில் இறங்கிய நாள் ஒன்றுகூடத் தென்படவில்லை. எவ்வளவு பெரிய அறிவாளியும் இப்படி வாங்க முடியாதே என்று ஒரு நாளை மட்டும் எடுத்துக் கையால் கணக்குப் போட்டேன். அன்று அந்தப் பங்கின் தொடக்க விலை 1,200 ரூபாய், முடிவு விலை 1,248, சராசரி 1,230. முடிவு விலை சராசரியைக் கடந்ததால் விதி 'வாங்கு' என்றது, சரி. ஆனால் வாங்கிய விலை 1,200. அதாவது, மாலை 3.30 மணிக்குத் தெரியப் போகும் விலையைப் பார்த்துவிட்டு, அன்று காலை 9.15 மணி விலைக்கு என் விதி வாங்கியிருக்கிறது!

தவறு என்னுடையதுதான். வாங்குவதற்கும் விற்பதற்கும் எத்தனை நாள் தாமதம் என்று அந்த மென்பொருளில் நாமே குறிப்பிடலாம். விற்பதற்கு 1, அதாவது மறுநாள் என்று கொடுத்திருந்தேன். வாங்குவதற்கு 0 என்று கொடுத்து, விலைக்குத் தொடக்க விலையைக் கொடுத்திருந்தேன். எப்போது அப்படிச் செய்தேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஏதோ ஓர் இரவில் 1 என்பதை 0 ஆக்கிப் பார்த்தபோது இலாபம் கூடியது. கூடியதால் அப்படியே விட்டுவிட்டேன். ஏன் கூடியது என்று என்னை நானே கேட்கவில்லை.

இந்த இடத்தைத்தான் நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். போனஸ் பிழை நட்டமாகத் தெரிந்தது, அதனால் அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டேன். இந்தப் பிழை இலாபமாகத் தெரிந்தது, அதனால் இரண்டு வாரம் என் கண் முன்னாலேயே இருந்தும் நான் தேடவில்லை. அப்பா கேட்டிராவிட்டால் தேடியே இருக்க மாட்டேன். அவர் பரணில் அடுக்கி வைத்திருக்கும் எந்த நோட்டிலும் அன்றைய விலையைக் காலையில் எழுதியதில்லை. ஏலம் முடிந்து, மாலையில்தான் எழுதியிருக்கிறார்.

0 என்பதை 1 ஆக்கினேன். கூடவே செலவுகளையும் சேர்த்தேன். பங்குகளைக் கையிருப்பில் எடுத்து விற்றால் பரிவர்த்தனை வரி மட்டும் வாங்கும்போது 0.1, விற்கும்போது 0.1 விழுக்காடு. முத்திரைத் தீர்வை, சந்தைக் கட்டணம் ஆகியவை தனி. 7 நாள் விதி ஓயாமல் வாங்கி விற்பதால் இந்தச் சில்லறையே பெருந்தொகையாயிற்று. 9,30,000 ரூபாய் 1,08,000 ஆகச் சுருங்கியது. அதே ஆறு ஆண்டுகளில் நிஃப்டி 50 குறியீடு 10,862 புள்ளியிலிருந்து 23,644 புள்ளிக்குப் போயிருந்தது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர் பணம்கூட இரு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும்! என் பத்து நிறுவனங்களும் இன்று பெரியவையாக இருப்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டவை. 2018 முடிவில் அதே பட்டியலில் இருந்து, 2020 மார்ச்சில் நீக்கப்பட்ட யெஸ் வங்கி போன்றவற்றை நான் சேர்க்கவே இல்லை. சேர்த்திருந்தால் அந்த 8,000 ரூபாயும் மிஞ்சியிருக்குமோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை காலை பேக்கரிக்குப் போனேன். கூட்டம் குறைந்த பிறகு மாமாவிடம் வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். அவர் அம்புகளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். "படிச்ச பையன்னு நம்புனேன் மாப்ளே. நேத்து ஒம்போது லட்சம்ன, இன்னைக்கு எட்டாயிரம்ங்கற. எதுடா நெசம்?" என்றார். இன்றைக்குச் சொல்வதுதான் நிஜம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஏழ மாத்திப் பாரேன். வேற ஏதாச்சும் நம்பர் வரும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவரின் குரல் அது.

நான் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து எல்லா எண்களையும் மீண்டும் ஓட்டினேன். 34 நாள் சராசரி நன்றாக இருந்தது: 1,00,000 ரூபாய் 2,60,000 ஆயிற்று, செலவு போக! தாமதமும் சரி, வரியும் சரி, பிழை எதுவும் இல்லை. மறுநாள் திங்கட்கிழமை. மாமாவுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்ற தடுமாற்றத்தோடு கல்லூரிக்கு வந்து, எங்கள் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த 34-ஐக் கண்டுபிடிக்க எத்தனை எண்களை ஓட்டிப் பார்த்தாய்?" 5 முதல் 100 வரை, 96 எண்கள் என்றேன். "சென்ற ஆண்டு வினாத்தாளை வைத்துக்கொண்டு 96 மாணவர்கள் விடை எழுதினால், அதில் ஒருவன் முதலிடம் வரத்தான் செய்வான். அவன் படித்தவன் என்று எப்படித் தெரியும்? அவன் பார்க்காத வினாத்தாளைக் கொடுத்துப் பார்" என்றார்.

அன்று மாலை 2013 முதல் 2018 வரையிலான விலைகளை இறக்கினேன். அதுவரை நான் அந்த ஆண்டுகளைத் தொட்டதில்லை. ஓட்டுவதற்கு முன் ஒரு தாளில் '34 நாள். எண்ணை மாற்ற மாட்டேன். ஒரு முறைதான் ஓட்டுவேன்' என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் என்னையே எனக்கு நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. ஓட்டினேன். 1,00,000 ரூபாய் 91,000 ஆயிற்று. அந்த மாணவன் தேறவில்லை.

அப்பாவிடம் "வேண்டாமுங்கப்பா" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அத்தையின் சங்கிலி அத்தையின் கழுத்திலேயே இருந்தது. தங்கையின் பணம் அஞ்சலகத்திலேயே இருந்து, இந்த ஆண்டு அவளுடைய செவிலியர் படிப்புக்குக் கட்டணமாகப் போயிற்று.

இதனால் மாமாவின் கடன் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. பேக்கரியில் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கடை திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வருகிறார். இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பொங்கலுக்கு அம்மாவுக்குச் சீர் கொண்டு வந்தவர், மஞ்சள் கொத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, "அந்த ரூலு இன்னும் வெச்சிருக்கியா மாப்ளே?" என்று கேட்டார். "வெச்சிருக்கறேனுங்க மாமா. காசு போடாம நோட்டுல எழுதிப் பாத்துட்டு இருக்கறேன்" என்றேன். "எப்பிடிப் போவுது?" என்றார். "நட்டமுங்க மாமா" என்றேன். அன்றுதான் அவர் பழையபடி சிரித்தார்.

நண்பர்களே, பங்குச் சந்தையின் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. வரைபடம் வரையக் கற்றுக்கொள்ளுங்கள். விதி எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். நம் வகுப்பறையில் படிக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் உயிருள்ளவை என்பதை அது காட்டும். ஆனால் விதி எழுதுகிறவர்கள் மூன்றை மறக்க வேண்டாம். அலங்காரத்தைக் குறைத்து, வாங்கிய இடத்தையும் விற்ற இடத்தையும் வரைபடத்தில் குறித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். விதியைச் சோதிக்க, அது இதுவரை பார்க்காத ஆண்டுகளைத் தனியே பூட்டி வையுங்கள். நட்டம் காட்டும்போது தேடும் அதே அக்கறையோடு, இலாபம் காட்டும்போதும் பிழையைத் தேடுங்கள்.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மைப் பார்த்து வீட்டில் ஒரு நாள் யாராவது "நீ சொல்லு, போடலாமா?" என்று கேட்பார்கள். பங்கைப் பற்றி இல்லாவிட்டால் நிலத்தைப் பற்றி, கடனைப் பற்றி, தங்கையின் படிப்பைப் பற்றிக் கேட்பார்கள். அன்று உடனே பதில் சொல்லத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. "இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

இதை எழுதி முடிக்கும்போது அப்பா மண்டியிலிருந்து வந்துவிட்டார். சட்டையில் மஞ்சள் தூள். கை கால் கழுவிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, இன்றைய விலையை எழுதிக்கொண்டிருக்கிறார்.